சொல்ல வேண்டியவர் யார்? எழுத வேண்டியவர் யார்?

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்கால் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கம், போளூர், கலசப்பாக்கம், ஜவ்வாது மலை என்று எல்லாத் திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்குவார்கள். கையில் ரேஷன் கார்டு, பழைய பட்டா, கசங்கிய ரசீது. வெளியே மனு எழுதித் தருகிறவர்களைச் சுற்றிக் கூட்டம். "ஐயா, எனக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்று கேட்பவர்கள் எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் என்று நினைத்தால் அது தவறு! பட்டதாரி இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்து, மூன்று ஆண்டுகள் கல்லூரியில் படித்து, தன் குறையைத் தன் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதத் தெரியாமல் நிற்கிறார்கள்.

இப்போது அந்தக் கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பிள்ளைகள் எழுதக் கற்றுக்கொண்டு விட்டார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். மரத்தடிக்குப் போவதற்குப் பதிலாகக் கைப்பேசியிடம் கேட்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

ஒரு நோட்டீஸும் ஒரு பதிலும்

சில மாதங்களுக்கு முன்பு நமக்குத் தெரிந்த செருப்புக்கடைக்காரர் ஒருவருக்கு உள்ளூர் அலுவலகம் ஒன்றிலிருந்து நோட்டீஸ் வந்தது. தீபத் திருவிழா நெருங்கும் நேரம். இலட்சக்கணக்கான பக்தர்கள் கூடும் ஊரில், கடைவீதி ஆக்கிரமிப்புகளை அகற்றுவது ஆண்டுதோறும் நடப்பது. கடையின் முகப்பு சாலையில் மூன்றடி நீண்டிருக்கிறது, ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. வீட்டில் பி.காம். படிக்கிற மருமகன் இருக்கிறார். "கவலைப்படாதீங்க மாமு" என்று நோட்டீஸைப் படம் எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு, ஒரு நிமிடத்தில் பதில் வாங்கிவிட்டார். அழகான ஆங்கிலம். அச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை. மாமுவும் பெருமையோடு கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பதிலில் என்ன இருந்தது? பொதுமக்களுக்கு ஏற்பட்ட இடையூறுக்கு வருந்துகிறோம். குறிப்பிடப்பட்ட ஆக்கிரமிப்பைப் பதினைந்து நாளில் அகற்றிக்கொள்கிறோம். நிர்வாகத்துக்கு முழு ஒத்துழைப்புத் தருவோம். அதாவது, செய்யாத தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார் மாமு! "நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களே பாய்" என்று அலுவலகத்தில் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது.

நம்மிடம் வந்தார்கள். அந்தத் தம்பியிடம் கேட்டோம்: "கடை எந்த வருஷம் ஆரம்பிச்சது தம்பி?" தெரியவில்லை. "கிரயப் பத்திரத்தில் எத்தனை அடி இருக்கு?" தெரியவில்லை. "சாலையை அகலப்படுத்தும்போது ஏற்கனவே நீங்க இடம் விட்டுக் கொடுத்தீங்களா?" அதுவும் தெரியவில்லை. தெரிந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமுவுக்கு எல்லாம் தெரியும். அவருடைய தகப்பனார் வாங்கிய இடம், பத்திரம், வரி ரசீதுகள், சாலை விரிவாக்கத்தில் விட்டுக் கொடுத்த அடிக்கணக்கு. அத்தனையும் அவர் தலையிலும் பீரோவிலும் இருக்கிறது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. கருவியிடம் கேட்டார்கள்.

பிறகு இரண்டு இரவு உட்கார்ந்து, மாமு சொல்லச் சொல்ல, அந்தத் தம்பியே தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறோம், நில அளவை செய்து பாருங்கள் என்று கேட்டார். அளந்து பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும், இரண்டாவது கடிதம் அந்தக் கடையின் கடிதம். முதல் கடிதம் யாருடையது?

வகுப்பறையில் விருப்பம் எங்கே?

அந்தத் தம்பியைக் குறை சொல்வதில் பயனில்லை. எழுதுவது என்றால் என்ன என்று நாம் அவருக்குக் கற்றுக் கொடுத்தது இதைத்தான்.

நம் வகுப்பறையில் கட்டுரை எப்படி நடக்கிறது? தலைப்பை ஆசிரியர் சொல்வார், அல்லது பாடநூல் சொல்லும். மழைநீர் சேகரிப்பு, நூலகத்தின் பயன், சாலைப் பாதுகாப்பு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இடையில் என்னென்ன துணைத்தலைப்பு வர வேண்டும் என்பதும் குறிப்பாகக் கொடுக்கப்பட்டுவிடும். மேற்கோள்களோடு வழிகாட்டி நூலில் கட்டுரை தயாராக இருக்கும். மாணவனின் வேலை மனப்பாடம் செய்து விடைத்தாளில் இறக்குவது. ஊர் முழுக்க ஒரே கட்டுரை. மாவட்டம் முழுக்க ஒரே முடிவுரை!

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதும் கேள்வி வருகிறது. உணவு விடுதியில் தரமில்லாத உணவு கொடுத்தார்கள், விலையும் அதிகம், உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு முறையிடு என்பது பல மாணவர்களுக்குப் பழக்கமான கேள்வி. நல்ல கேள்விதான். வாழ்க்கைக்குத் தேவையான கேள்வி. ஆனால் அதையும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்! சாப்பிடாத உணவகத்தில், கெட்டுப் போகாத உணவைப் பற்றி, எல்லோரும் ஒரே சொற்களில் புகார் எழுதுகிறார்கள். விருப்பம் என்பது "அல்லது" என்ற ஒரு சொல்லில் மட்டும் இருக்கிறது. இந்தக் கேள்வி அல்லது அந்தக் கேள்வி. இரண்டும் அடுத்தவர் கொடுத்தவை.

இப்படி வளர்ந்த பிள்ளைக்குச் செயலி புதிதாக என்ன கெடுதலைச் செய்துவிட்டது? வழிகாட்டி நூல் காகிதத்தில் செய்ததை இது கண்ணாடித் திரையில் செய்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகுதான் மாணவர்கள் இரவல் எழுத்துக்குப் போனார்கள் என்பவர்கள் நம் பரீட்சை விடைத்தாள்களைப் பார்க்காதவர்கள். சொந்தமாக எழுதச் சொல்லாத வகுப்பறை, இரவல் எழுத்துக்கு வாசலைத் திறந்து வைத்து நெடுங்காலமாகிறது.

நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பல வீடுகளில் பேச்சு உருது. பள்ளியில் தமிழ். மத்ரஸாவில் அரபு. வருகிற நோட்டீஸ் ஆங்கிலம். நான்கு எழுத்துகளைத் தினமும் பார்க்கிற பிள்ளை, ஒன்றில்கூடச் சொந்தமாகப் பத்து வரி எழுதுவதில்லை! 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் உருதுப் பள்ளிகளுக்கு ஏற்பட்ட நெருக்கடியும், நீதிமன்றப் படிகளில் ஏறி விலக்குக் கேட்டதும் நாம் அறிந்ததே. தாய்மொழியில் எழுதும் உரிமையை விட்டுக் கொடுக்க முடியாது. அதே நேரம், இந்த மண்ணில் மனுவின் மொழி தமிழ். தமிழில் தன் வழக்கைச் சொல்லத் தெரியாதவனுக்காக வேறு யாரோதான் பேசுவார்கள். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கருவி வந்தது, எழுத்து வந்ததா?

அரசு கருவிகளைக் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. பிறகு அரசுப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்பக் கூடங்கள் வந்தன. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவிக்கப்பட்டது. ஏழைப் பிள்ளையின் மடியில் கணினி வந்தது சாதாரண விஷயமல்ல. அதைக் கேலி செய்கிறவர்கள் தம் பிள்ளைகளுக்கு எப்போதோ வாங்கிக் கொடுத்துவிட்டவர்கள்!

ஆனால் ஒரு கேள்வி. அந்த மடிக்கணினிகளில் தமிழில் ஒரு கடிதம் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு, தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசே தரமாக அறிவித்தது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் வலக்கையில். முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடும். தினம் அரை மணி நேரம் பழகினால் சில வாரங்களில் கை படிந்துவிடும். அதை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். கருவியைக் கொடுத்தவர்கள், அதில் என்ன எழுதுவது, எப்படி எழுதுவது, யாருக்கு எழுதுவது என்பதைக் கொடுக்கவில்லை. அதனால் கணினி படம் பார்க்கும் பெட்டியாக முடிந்துபோனது.

பிரான்ஸ் கிராமத்தில் ஒரு பாடம்

கருவியும் மாணவர் விருப்பமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நூறு ஆண்டுக்கு முந்திய உதாரணம் ஒன்று உண்டு. செலஸ்தேன் ஃபிரெனே என்று பிரான்சில் ஓர் ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டவர். அவரால் வகுப்பில் நின்று நீண்ட நேரம் பேச முடியாது. அதனால் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவார். வயல், பட்டறை, கடை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து அவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்வார்கள், எழுதுவார்கள். தலைப்பை அவர் கொடுப்பதில்லை. எதைப் பற்றி எழுதுவது என்பது பிள்ளையின் விருப்பம்.

1920களின் நடுவில், பார்-சூர்-லூ என்ற அந்தக் கிராமப் பள்ளிக்கு அவர் சிறிய அச்சுப் பொறி ஒன்றை வாங்கினார். அன்றைய நவீன தொழில்நுட்பம் அது. பிள்ளைகள் எழுதியவற்றை வகுப்பே கூடிப் படித்து, எதை அச்சிடுவது என்று தேர்ந்தெடுத்தது. ஈய எழுத்துகளைப் பிள்ளைகளே ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தார்கள். அச்சான தாள்கள் தூரத்து ஊர்ப் பள்ளிக்குத் தபாலில் போயின. அங்கிருந்து பதில் தாள்கள் வந்தன. ஆசிரியரின் சிவப்பு மைக்காக எழுதிய பிள்ளை, தன்னைப் பார்த்திராத இன்னொரு பிள்ளைக்காக எழுத ஆரம்பித்தது. வாசகர் வந்ததும் பிழை தானாகக் குறைந்தது. வெட்கம் போனது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். அந்தப் பொறி பிள்ளையின் சொல்லை அச்சடித்தது. இன்றைய செயலி பிள்ளைக்குச் சொல்லையே கொடுத்துவிடுகிறது. அதில் பிள்ளை முதலில், பொறி பிறகு. இதில் பொறி முதலில், பிள்ளை கையெழுத்துக்கு மட்டும்! கோளாறு பொறியில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

செயலி எப்படி எழுதுகிறது என்பதையும் வணிகப் பெருமக்கள் புரிந்துகொள்வது நல்லது. உலகத்தில் ஏற்கனவே எழுதப்பட்ட ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுவது அது. ஆக்கிரமிப்பு நோட்டீஸுக்கு ஊரார் வழக்கமாக எப்படிப் பதில் எழுதுவார்களோ அப்படி எழுதும். உங்கள் கடையின் அடிக்கணக்கு அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால், சில நேரம் தானாக இட்டுக்கட்டியும் எழுதும். நிதானமான நடையில், நம்பும்படியாக எழுதும். அதுதான் ஆபத்து.

குர்ஆன் காட்டும் வரிசை

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வதைப் பற்றியது! அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். தவணைக் கடனை எழுதிக் கொள்ள வேண்டும். எழுதுகிறவர் நீதியோடு எழுத வேண்டும். சிறிய தொகையாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்று அது கட்டளையிடுகிறது. வணிகச் சமுதாயத்துக்கு வந்த வசனம் இது.

அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுதுகிறவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் யார் மீது இருக்கிறதோ அவர்! பொறுப்பைச் சுமக்கிறவர்தான் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு வாசகம் அமைக்க முடியாது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இந்த வரிசை, இன்றைய செயலிக்கும் பொருந்துகிறதா இல்லையா?

ஹுதைபிய்யா உடன்படிக்கையை நினைத்துப் பாருங்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுதப் படிக்கக் கற்றவர்களல்லர். அலீ (ரலி) அவர்கள் எழுதினார்கள். அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லுக்குக் குறைஷிகளின் பிரதிநிதி ஆட்சேபம் தெரிவித்தபோது, அதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. எந்தச் சொல் நிற்க வேண்டும், எந்தச் சொல்லை விட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் நபி (ஸல்) அவர்கள்தாம். எழுதத் தெரியாதவரும் தம் வாசகத்துக்கு எஜமானராக இருக்கலாம். எழுதத் தெரிந்தும் வாசகத்தைப் பிறரிடம் ஒப்படைத்தவர் தம் வழக்குக்கே அந்நியராகிவிடுகிறார்.

அதற்காகச் செயலியை ஹராம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. பத்ருக் கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று தீர்ப்பளிக்கப்பட்டதை வரலாறு சொல்கிறது. எதிரியிடமிருந்தும் எழுத்தைக் கற்றுக்கொண்ட சமுதாயம் இது. ஐரோப்பாவில் 1450களில் அச்சுப் பொறி வந்துவிட்டது. துருக்கியில் இப்ராஹீம் முத்தஃபர்ரிகாவுக்கு அரபு எழுத்தில் துருக்கி நூல்களை அச்சிடச் சுல்தானின் அனுமதி கிடைத்தது 1727இல்! கருவியைத் தாமதமாக ஏற்றதன் விலையை நாம் ஏற்கனவே கொடுத்திருக்கிறோம். மறுபடியும் கொடுக்க வேண்டாம். ஆனால் கருவிக்கு அடிமையாவதன் விலை அதைவிடக் குறைவு என்று யார் சொன்னது?

சமுதாயத்துக்கு என்ன நஷ்டம்?

வக்ஃப் திருத்த மசோதா 2024இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குப் போனபோது பொதுமக்களிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டார்கள். ஆதரவும் எதிர்ப்புமாக 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்ததாக 2025 ஏப்ரலில் அமைச்சரே மக்களவையில் சொன்னார். நாமும் அனுப்பினோம். பள்ளிவாசல் வாசலில் ஒட்டியிருந்த கட்டத்தைக் கைப்பேசியில் பிடித்தால், தயாராக எழுதிய மின்னஞ்சல் வந்து நிற்கும். பெயரைப் போட்டு அனுப்பிவிடலாம். அவசர காலத்தில் அது தேவைதான், குறை சொல்லவில்லை. சட்டம் நிறைவேறியது அவையின் பெரும்பான்மையால், நம் கடித நடையால் அல்ல.

ஆனாலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நம் ஊர் கபரஸ்தானின் வரலாறு என்ன, யார் வக்ஃபு செய்தார், எத்தனை சென்ட், எந்த ஆண்டு என்று தன் சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பியவர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? ஒரே வாசகம் இலட்சம் முறை போனால் எண்ணிக்கை தெரியும், சாட்சியம் கிடைக்காது. 2025 ஜூனில் உமீத் இணையதளம் திறந்து ஆறு மாதக் கெடு வைத்தபோது, எல்லையும் அளவும் வரலாறும் எழுதத் தெரிந்த ஓர் இளைஞருக்காக எத்தனை முத்தவல்லிகள் அலைந்தார்கள்?

வேலைவாய்ப்பைப் பாருங்கள். நீண்ட கால கோரிக்கைக்குப் பிறகு 2007இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. கதவு திறந்தது, உள்ளே போவது யார்? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வுகள் விரிவாக எழுத வேண்டிய தேர்வுகள். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பின் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீத மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கு மட்டும் 250 மதிப்பெண். பல தலைப்புகளில் இரண்டைத் தேர்வரே தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். பள்ளியில் ஒருநாளும் தலைப்பைத் தானே தேர்ந்தெடுத்துப் பழகாத பிள்ளை, அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்யும்? தேர்வு அறைக்குள் கைப்பேசியும் வராது; மரத்தடி எழுத்தரும் வர மாட்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். நம் திருவண்ணாமலை மாவட்டம் 74 சதவீதம் அளவிலேயே நின்றது. அதுவும் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும் என்ற கணக்கு. தன் வழக்கைத் தானே எழுதத் தெரிந்தவர்களைக் கணக்கெடுத்தால் எங்கே நிற்போம்?

செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்க வேண்டியவை இவை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மொழித் தேர்வுகளில் ஒரு கட்டுரையாவது மாணவர் தம் ஊரை, தம் வீட்டுத் தொழிலைப் பற்றித் தாமே தலைப்பிட்டு எழுதுவதாக இருக்கட்டும். அதை மனப்பாடம் செய்யவும் முடியாது, செயலியிடம் வாங்கவும் முடியாது. உயர்தொழில்நுட்பக் கூடங்களில் வாரம் ஒரு பாடவேளை தமிழ்99 தட்டச்சுக்கு ஒதுக்க வேண்டும். உருதுப் பிள்ளைகள் உருதுவிலும் எழுத வழி வேண்டும். 2022இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களில் மாணவர் படைப்புகள் வருவது நல்ல தொடக்கம். அதுபோல் ஒவ்வொரு பள்ளிக்கும் தன் மாணவர்கள் எழுதிய இதழ் ஒன்று வேண்டும். அந்தத் திரைகளும் அச்சுப் பொறிகளும் அதற்குப் பயன்படட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது, ஐம்பது நோட்டுகளைத் திருத்துவது எளிதல்ல என்பது தெரியும். எழுத்துப் பிழை காட்டுவதைச் செயலியிடம் விடுங்கள். "இதை நீ பார்த்தாயா? யாரிடம் கேட்டாய்?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் நீங்கள் கேளுங்கள். அதை எந்தச் செயலியும் கேட்காது.

ஜமாஅத் நிர்வாகிகளே! அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். மாலை மத்ரஸா முடிந்ததும் வாரம் ஒரு மணி நேரம் எழுத்து வட்டம் நடத்தலாம். பெண் பிள்ளைகளுக்கும் தனியே ஏற்பாடு செய்யுங்கள்; வாய்ப்புக் கொடுத்தால் அவர்கள் ஆண் பிள்ளைகளை முந்துவார்கள். முதல் வேலையாக, மஹல்லாவின் பெரியவர்களிடம் கேட்டுப் பள்ளிவாசலின், கபரஸ்தானின் வரலாற்றைப் பிள்ளைகள் எழுதட்டும். இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், பள்ளியில் தோற்கடிக்கப்பட்ட எட்டு ஏழைச் சிறுவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக எழுதிய நூல் 1967இல் வெளிவந்து உலகம் சுற்றியது; தமிழிலும் வந்திருக்கிறது. ஒவ்வொரு கருத்தையும் தனித் துண்டுத் தாளில் எழுதி, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வகைப்படுத்தி, கூறியது கூறலை நீக்கி, சேர்ந்து திருத்தினார்கள். இதற்குப் பணம் தேவையில்லை. துண்டுத் தாளும் பொறுமையும் போதும்.

வணிகப் பெருமக்களே! உங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொரு நோட்டீஸும் உங்கள் பிள்ளைக்கு ஒரு பாடம். ஜி.எஸ்.டி. கடிதமோ, வாடகைத் தகராறோ, சரக்குக் குறைந்த புகாரோ, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். உங்கள் அனுபவம் தாளில் இறங்கும். அவருக்கு எழுத்தும் வரும், வியாபாரமும் வரும். கணக்கரிடமும் வக்கீலிடமும் போக வேண்டிய விஷயத்துக்குப் போங்கள்; ஆனால் உங்கள் வாசகத்தோடு போங்கள்.

இளைஞர்களே! கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறோம். முதலில் விஷயம் தெரிந்தவரிடம் கேளுங்கள். பிறகு உங்கள் கையால் எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் பிறகு செயலியிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கில நோட்டீஸைத் தமிழில் புரிந்துகொள்ளவும், எழுத இயலாத பெரியவர் பேசுவதை எழுத்தாக்கவும் அது நல்ல உதவியாள். கடைசியாக, கையெழுத்துப் போடுகிறவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "இது நான் சொன்னதுதான்" என்று அவர் சொன்ன பிறகே கையெழுத்து.

இறைவன் இறக்கிய முதல் வசனங்களிலேயே ஓதுதலும் எழுதுகோலும் பேசப்பட்டன. அந்தக் கோலைக் கையில் பிடிக்க வேண்டிய சமுதாயம், யாரோ எழுதியதன் அடியில் கையெழுத்து மட்டும் போடுகிற சமுதாயமாக ஆகிவிடலாமா?

அடுத்த திங்கட்கிழமை வேங்கிக்காலில் நம் தம்பி ஒருவர் நிற்கட்டும். அவர் கையில் அவரே எழுதிய மனு இருக்கட்டும். பக்கத்தில் நிற்கும் முதியவர், அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், "தம்பி, எனக்கும் கொஞ்சம் எழுதிக் கொடுப்பா" என்று கேட்கட்டும். அவரை உட்கார வைத்து, "சொல்லுங்க ஐயா, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று நம் தம்பி சொல்லட்டும். அந்த நாள் வரும், இன்ஷா அல்லாஹ்!